கிட் கார் ரேடியேட்டர் ஃபேனுக்குத் தெர்மோ சுவிட்ச்: மேல் ஹோஸிலா, கீழ் ஹோஸிலா?

லெஸ்டர் கொட்டகை
சனி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று குளிர்காலமாகக் கொட்டகையில் கட்டிக்கொண்டிருக்கும் வண்டி ஒருவழியாகத் தன் சக்கரத்தில் நிற்கிறது. லோட்டஸ் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் சாயலில் சதுரக் குழாய்களைப் பற்றவைத்துக் கட்டிய சட்டகம். உள்ளே 1980களின் ஃபோர்டு சியராவிலிருந்து கழற்றிய 2.0 லிட்டர் பின்டோ இன்ஜின். சியராவில் இந்த இன்ஜினுக்கான விசிறி தண்ணீர் பம்பின் மூக்கிலேயே உட்கார்ந்து பெல்ட்டோடு சுற்றும். என் வண்டியில் ரேடியேட்டர் முன்மூக்கின் நுனியில், தாழ்வாக, இன்ஜினை விட்டு வெகுதூரம் தள்ளி இருக்கிறது. பெல்ட் விசிறிக்கு வழியே இல்லை. அதனால் ரேடியேட்டருக்குப் பின்னால் 10 அங்குல மின்சார ஃபேன் ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன்.

இதுவரை அந்த ஃபேனுக்கு டாஷ்போர்டில் ஒரு கைச் சுவிட்ச் மட்டும்தான். போன ஞாயிறு கார்புரேட்டரைச் சரிபார்க்க வண்டியை ஓடவிட்டிருந்தேன். வாசலில் பார்சல்காரர் மணி அடித்தார். கையெழுத்துப் போட்டு, பக்கத்து வீட்டுப் பார்சலையும் வாங்கி வைத்துவிட்டுத் திரும்பினால், இட்லிக் குண்டானைத் திறந்ததுபோலக் கொட்டகை முழுக்க ஆவி. ஃபேனைப் போடவே மறந்திருக்கிறேன். சிலிண்டர் ஹெட் தப்பித்தது. என் மானம் தப்பவில்லை. என் மனைவி அதைக் காணொளியாக எடுத்து உறவினர் குழுவில் போட்டுவிட்டாள்.

ஆகவே தெர்மோ சுவிட்ச் வைக்கப் போகிறேன். என் அலுமினிய ரேடியேட்டரில் சுவிட்ச் திருகுவதற்குத் துளை இல்லை. ஹோஸை நடுவில் வெட்டிச் செருகுகிற அலுமினியக் குழாய் ஒன்று வாங்கினேன். அதன் முதுகில் எம்22 × 1.5 மரையுடன் ஒரு துளை இருக்கிறது. இதை இன்ஜினிலிருந்து சூடான தண்ணீர் ரேடியேட்டருக்கு வரும் மேல் ஹோஸில் வைப்பதா, குளிர்ந்த தண்ணீர் இன்ஜினுக்குத் திரும்பும் கீழ் ஹோஸில் வைப்பதா? கடையில் 95/90, 92/87, 88/83 என்று மூன்று வகைச் சுவிட்ச் இருக்கிறது. முதல் எண்ணில் ஃபேன் ஓடத் தொடங்கும், இரண்டாவதில் நிற்கும் என்ற அளவுக்குத்தான் எனக்குப் புரிகிறது. இன்ஜினின் தெர்மோஸ்டாட் 88 டிகிரி. அடுத்த மாதம் ஐவிஏ சோதனைக்கு (வீட்டில் கட்டிய வண்டி சாலைக்கு வர இங்கே பிரிட்டனில் தேற வேண்டிய சோதனை) நாள் குறித்தாகிவிட்டது. உதவுங்கள்.


சும்மா கேட்கிறேன்
சனி, இரவு 10:05

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தெர்மோஸ்டாட், தெர்மோ சுவிட்ச் இரண்டும் ஒன்றில்லையா? இன்னொன்று: கிட் கார் என்றால் என்ன? பொம்மைக் கார் என்று நினைத்து உள்ளே வந்தேன்.


பழைய மோரிஸ்
சனி, இரவு 11:30

பொம்மை இல்லைத் தம்பி, ஆனால் பொம்மையைப் போலத்தான் பெட்டி பெட்டியாக வரும். 1957இல் லோட்டஸ் நிறுவனர் கொலின் சாப்மன் லோட்டஸ் செவனை வெளியிட்டபோது, முழுக் காராக வாங்கினால் அந்தக் காலத்துக் கொள்வனவு வரி கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் அந்த வரி இல்லை. வரிக்காரரின் விதியோ, பூட்டும் முறை எழுதிய புத்தகம் கூடவே வரக்கூடாது என்றது. அதற்குச் சாப்மன், கழற்றும் முறையை அச்சடித்துக் கொடுத்து அதைத் தலைகீழாகப் படிக்கச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. நான் அதை இங்கே லண்டனுக்கு வந்த புதிதில் ஒரு கராஜில் கேட்டேன், இன்றைக்கும் யாராவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1973இல் அந்த வரி போய் வாட் என்கிற மதிப்புக் கூட்டு வரி வந்தது, சலுகையும் போனது. அதே ஆண்டு செவனைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் என்ற நிறுவனத்திடம் போனது. வரி போன பிறகும் கட்டுகிற பைத்தியம் மட்டும் போகவில்லை, அதற்கு லெஸ்டர் தம்பியே சாட்சி.

தெர்மோஸ்டாட் என்பது தண்ணீரின் பாதையில் இருக்கிற கதவு. உள்ளே மெழுகு இருக்கிறது. சூட்டில் அது விரிந்து கதவைத் திறந்து தண்ணீரை ரேடியேற்றருக்கு விடும். அதற்கு மின்சாரம் தேவையில்லை. தெர்மோ சுவிட்ச் என்பது சூட்டில் மின்சுற்றை மூடுகிற சாமான். ஒன்று தண்ணீரைத் திறக்கிறது, மற்றது காற்றைக் கூப்பிடுகிறது.


கம்பிவேலை
ஞாயிறு, காலை 6:15

தம்பி, கீழ் ஹோஸ். யோசிக்கவே வேண்டாம்.

கோயம்புத்தூரில் முப்பது வருடமாக வண்டி வயரிங் செய்கிறேன். நீங்கள் கட்டியதைப் போன்ற வண்டியை இங்கே கட்டினால் ஆர்டிஓ அலுவலக வாசலைக்கூடத் தாண்ட முடியாது, அது வேறு கதை. ஃபேன் எதற்கு இருக்கிறது? ரேடியேட்டர் தன் வேலையைச் செய்ய முடியாதபோது கைகொடுப்பதற்கு. ரேடியேட்டர் வேலை செய்கிறதா என்று எங்கே தெரியும்? அதை விட்டு வெளியே வருகிற தண்ணீரில்தான் தெரியும். சாலையில் போகும்போது எதிர்காற்றே போதும். கீழே வரும் தண்ணீர் குளிர்ந்திருக்கும், ஃபேன் சும்மா இருக்கும். சிக்னலில் நின்றால் கீழேயும் சூடேறும், அப்போது ஃபேன் எழுந்தால் போதும். மேல் ஹோஸில் வைத்தால் இன்ஜின் ஏறுகிற ஒவ்வொரு மேட்டுக்கும் ஃபேன் பதறிக்கொண்டு ஓடும்.

இன்னொன்று, ஃபேன் கரண்டைச் சுவிட்ச் வழியாக விடாதீர்கள். ரிலே வையுங்கள், அது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கிற சாமான். தொழிற்சாலையில் செய்த வண்டிகள் சிலவற்றில் நேராகவே விட்டிருப்பார்கள், அந்தச் சுவிட்ச் அதற்கென்று செய்தது. உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.


வெப்பக்கணக்கு
ஞாயிறு, காலை 9:50

கம்பிவேலை அண்ணா சொல்லும் முடிவு எனக்குச் சம்மதம். காரணத்தில் பாதிதான் சம்மதம்.

முதலில் எண்களைப் பார்ப்போம். தெர்மோஸ்டாட் 88இல் திறக்கிறது என்றால், சூடான இன்ஜினிலிருந்து மேல் ஹோஸுக்கு வரும் தண்ணீர் கிட்டத்தட்ட எப்போதும் 88ஐ ஒட்டியோ அதற்கு மேலோதான் இருக்கும். அங்கே 88/83 சுவிட்சை வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது, ஏனென்றால் 83க்கு இறங்கும் முன்பே தெர்மோஸ்டாட் மூடத் தொடங்கிவிடும். 92/87ஐ வைத்தாலும் சிக்கல் அதேதான். 87ஐத் தொடுவதற்கு முன் கதவு சாத்திக்கொள்கிறது. மேல் ஹோஸில்தான் வைப்பேன் என்றால் 95/90 ஒன்றுதான் பொருந்தும். இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமல், "ஃபேன் அணையவே மாட்டேன் என்கிறது" என்று இதே தளத்தில் எழுதியவர்களை நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது மேலுக்கும் கீழுக்கும் எவ்வளவு வித்தியாசம்? எல்லோரும் 10 டிகிரி என்று வாய்ப்பாடு போலச் சொல்கிறார்கள். நின்றபடி ஓடும் 2 லிட்டர் இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டரோ சற்றுக் கூடுதலோ பெட்ரோல் குடிக்கிறது என்று வையுங்கள். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 32 மெகாஜூல். ஒரு மணி நேரத்துக்குப் பரப்பினால் 9 கிலோவாட். அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போனால் 3 கிலோவாட். பம்ப் மெதுவாகச் சுற்றும்போது ரேடியேட்டர் வழியாக நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டால், நொடிக்குக் கால் கிலோ. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல் வேண்டும். ஆகவே 3-ஐ 0.25 பெருக்கல் 4.2-ஆல் வகுத்தால் சுமார் 3 டிகிரி. ஃபேன் தேவைப்படுகிற நேரத்தில் மேலும் கீழும் அவ்வளவுதான் வேறுபடும். ஃபேன் ஓடாமல், காற்றும் இல்லாமல் நின்றால் அந்த 3 டிகிரியும் சுருங்கிவிடும்.

ஆகவே கீழ் ஹோஸில் 92/87 வைத்தால், மேலே ஏறத்தாழ 95 இருக்கும்போது ஃபேன் எழும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்த மூடி போட்டிருந்தால் உள்ளே வெறும் தண்ணீரே 120 வரை கொதிக்காது. பயப்பட ஒன்றுமில்லை. 88/83 வைத்தால் இன்னும் சீக்கிரம் எழும். வெயில் கொளுத்தும் ஊருக்கு அதைச் சொல்லியிருப்பேன். லெஸ்டருக்கு 92 போதும்.


கம்பிவேலை
ஞாயிறு, காலை 10:20

அம்மணி, கணக்கெல்லாம் சரி. நான் கையால் ஹோஸைத் தொட்டுப் பார்த்துச் சொன்னதைத்தான் நீங்கள் வகுத்துப் பார்த்துச் சொல்கிறீர்கள்.


வெப்பக்கணக்கு
ஞாயிறு, காலை 10:31

92 டிகிரி ஹோஸைத் தொட்டுப் பார்க்கிற கை எனக்கு இல்லை அண்ணா.


பழைய மோரிஸ்
ஞாயிறு, பகல் 1:15

நானும் இரண்டு சங்கதி சொல்ல வேண்டும். 1980களின் நடுவில் என் மோரிஸ் மைனருக்கு மின்சார விசிறி பூட்டினேன். அப்போது கிடைத்த கட்டுப்படுத்தியில் நீளமான செப்பு நரம்பு ஒன்று இருக்கும், நுனியில் ஒரு முனை. அந்த முனையை மேல் ஹோஸுக்குள் செருகி, ஹோஸ் வாய்க்கும் ரேடியேற்றரின் கழுத்துக்கும் நடுவே நரம்பை வெளியே எடுத்து, மேலே கிளிப்பை இறுக்க வேண்டும். ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு கம்பி கிடந்தால் அந்த இடம் எப்படித் தண்ணீரைத் தாங்கும்? ரப்பர்த் துண்டு ஒன்று கூடத் தருவார்கள். முதல் குளிர்காலம் தாங்கும், இரண்டாவதில் துளித் துளியாக வடியும். லெஸ்டர் தம்பி வாங்கிய குழாய் அதைவிட எவ்வளவோ நல்லது.

இரண்டாவதுதான் முக்கியம். அந்த விசிறிக்கு நான் மின்சாரம் எடுத்தது திறப்பின் (சாவியின்) பின்னால் இருக்கும் இக்னிஷன் வயரிலிருந்து. அருகில் இருந்தது, வசதியாக இருந்தது. ஒருநாள் ஒரு நீண்ட இறக்கத்தில் நல்ல வேகத்தில் வரும்போது ஏதோ கருகிய வாசம் வந்தது, திறப்பை அணைத்தேன். இன்ஜின் நிற்கவில்லை! திறப்பு என் கையில், இன்ஜின் தன் பாட்டில் ஓடுகிறது. வேகம் குறைந்த பிறகுதான் இருமி இருமி நின்றது. பேயோ பிசாசோ என்று யோசித்தேன். எதிர்காற்றில் விசிறி தானாகச் சுற்றியது. சுற்றுகிற மோட்டார் ஜெனரேற்றராக மாறி, அதே வயர் வழியாகத் திரும்பிப் போய் இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் கொயிலுக்கு உயிர் கொடுத்திருக்கிறது. கருகிய வாசம் முன்னால் போன லொறியினுடையது என்பது பிறகு தெரிந்தது.

அந்தப் பிள்ளை சொன்ன கணக்கும், கோயம்புத்தூர்த் தம்பி சொன்ன ரிலேயும் அன்றைக்கே எனக்குக் கிடைத்திருந்தால் நெஞ்சு அவ்வளவு அடித்திருக்காது.


லெஸ்டர் கொட்டகை
ஞாயிறு, இரவு 8:10

ஐயா, அந்தக் காட்சியை நினைத்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். கீழ் ஹோஸ், 92/87, ரிலே. முடிவாகிவிட்டது. வயரிங்கை யாராவது சோற்றைப் பிசைந்து ஊட்டுவதுபோலச் சொல்ல முடியுமா? ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எழுதியிருக்கிறது. நடுவில் உள்ள எண்கள் எங்கே போயின?


கம்பிவேலை
திங்கள், காலை 5:50

அது ஜெர்மன்காரர் போட்ட எண். டின் (DIN) என்கிற ஜெர்மன் தரத்தின்படி வண்டியில் ஒவ்வொரு முனைக்கும் ஓர் எண் உண்டு. 15 என்றால் சாவி போட்டதும் வருகிற கரண்ட், 31 என்றால் எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த வண்டியின் உடம்பு. உங்களுக்குத் தேவை நான்கு மட்டும்.

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு தடித்த வயர். பேட்டரியை விட்டுக் கிளம்பி ஒரு சாண் போவதற்குள் ஃபியூஸ். அங்கிருந்து ரிலேயின் 30. அதன் 87இலிருந்து ஃபேன் மோட்டாருக்கு. மோட்டாரின் இன்னொரு வயர் நேராக எர்த்துக்கு. உங்கள் 10 அங்குல ஃபேன் 80 வாட் என்றால் ஓடும்போது 7 ஆம்பியர். கிளம்புகிற நொடியில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். 15 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். கிளம்பும்போது அது போனால் 20. அதற்கு மேல் போகாதீர்கள். மெல்லிய உறை உள்ள 2 சதுர மி.மீ. வயர் 25 ஆம்பியர் தாங்கும், அது போதும். ஃபியூஸ் காப்பாற்றுவது ஃபேனை இல்லை, வயரை. வயர் தாங்குவதைவிட ஃபியூஸ் எப்போதும் கீழே இருக்க வேண்டும்.

இது பெரிய கரண்டின் பாதை. சின்னக் கரண்டுக்கு வருவோம். சாவி போட்டதும் கரண்ட் வருகிற ஏதாவது ஓர் இடத்திலிருந்து, அதற்கும் ஒரு சின்ன ஃபியூஸ் வைத்து, 86. பிறகு 85இலிருந்து தெர்மோ சுவிட்சுக்கு. சுவிட்ச் சூடானால் 85ஐ எர்த்தோடு சேர்க்கும், ரிலே டிக் என்று இழுக்கும், ஃபேன் ஓடும். அந்தச் சின்ன வழியில் போவது 0.2 ஆம்பியர்கூட இருக்காது. மெல்லிய வயரே போதும்.

டாஷ்போர்டில் இருக்கிற கைச் சுவிட்சைத் தூக்கி எறியாதீர்கள். 85இலிருந்து அதற்கும் ஒரு வயர், அதன் மறுமுனை எர்த். தெர்மோ சுவிட்ச் செத்தாலும் நீங்கள் கையால் ஃபேனைப் போடலாம். 87இலிருந்து ஒரு சின்ன பல்பும் கொடுத்தால், ஃபேனுக்குக் கரண்ட் போகிறதா என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரியும்.


சும்மா கேட்கிறேன்
திங்கள், காலை 8:20

86ஐச் சாவி வழியாக எடுக்கச் சொல்கிறீர்கள். சில வண்டிகளில் அணைத்துவிட்டு இறங்கிய பிறகும் ஃபேன் ஓடுகிறதே? அதுதானே நல்லது? அதோடு, மோரிஸ் ஐயாவின் பேய் சாவி வழியாகத் திரும்ப வந்துவிடாதா?


வெப்பக்கணக்கு
திங்கள், பகல் 12:40

பேய் வராது. ஃபேன் தானாகச் சுற்றினாலும் அதன் கரண்ட் 87 வரைதான் போகும். சாவியை அணைத்ததும் ரிலே திறந்துவிடுவதால் அங்கேயே நின்றுவிடும். சாவியின் வயரோடு ஃபேன் மோட்டாருக்கு எந்த உறவும் இல்லை. நல்ல கேள்வி, ஆனால்.

அணைத்த பிறகு ஓடும் ஃபேனைப் பற்றி: பின்டோவின் தண்ணீர் பம்ப் பெல்ட்டில் ஓடுவது. இன்ஜின் நின்றால் தண்ணீரும் நிற்கும். அப்போது ஃபேன் ஓடினால் ரேடியேட்டரில் தேங்கிய தண்ணீர்தான் குளிரும். சூடு இருப்பதோ இன்ஜினில். வெந்நீர் தானாக மேலே ஏறித் தண்ணீர் சற்று நகரும் என்பது உண்மைதான். ரேடியேட்டர் இன்ஜினைவிடத் தாழ்ந்து கிடக்கும் இந்த வண்டியில் அதுவும் சொற்பம். பேட்டரி இறங்குவதுதான் மிச்சம்.


லெஸ்டர் கொட்டகை
சனி, மாலை 6:30

வேலை முடிந்தது. வேலை செய்யவில்லை.

கீழ் ஹோஸை வெட்டிக் குழாயைச் செருகி இரண்டு பக்கமும் கிளிப் போட்டேன். சுவிட்சைச் செம்பு வாஷரோடு இறுக்கினேன். கூலன்ட் நிரப்பி, வண்டியின் மூக்கை ஜாக்கியில் தூக்கி வைத்துக் காற்றை வெளியேற்றினேன். வயரிங் அண்ணா சொன்னபடியே. கைச் சுவிட்சைப் போட்டால் ரிலே இழுக்கிறது, ஃபேன் சுற்றுகிறது, பல்ப் எரிகிறது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

ஆனால் இன்ஜினை ஓடவிட்டால், ஹெட்டின் சூட்டைக் காட்டும் மீட்டர் 95, 100, 105 என்று ஏறுகிறது, ஃபேன் அசையவில்லை. கீழ் ஹோஸைத் தொட முடியாத சூடு. பயந்து கையால் ஃபேனைப் போட்டேன். மூன்று நிமிடத்தில் 90க்கு வந்தது.

சுவிட்ச் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கழற்றி, பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கினேன். சமையல் தெர்மாமீட்டரில் 93 வந்ததும் மல்டிமீட்டர் பீப் என்றது. அடுப்பை அணைத்து ஆறவிட்டேன், 86இல் பீப் நின்றது. சுவிட்ச் தங்கம். பாத்திரம் இனி கொட்டகைக்கு மட்டும்தான் என்று மேலிடத்து உத்தரவு.

அடுப்பில் வேலை செய்வது வண்டியில் ஏன் வேலை செய்யவில்லை?


சும்மா கேட்கிறேன்
சனி, மாலை 6:52

காற்றுக் குமிழி? சுவிட்ச் நுனி தண்ணீரில் படாமல் காற்றில் நிற்கிறதோ?


லெஸ்டர் கொட்டகை
சனி, இரவு 7:05

நானும் அதைத்தான் சந்தேகித்தேன். குழாயைத் திருப்பிச் சுவிட்ச் பக்கவாட்டில் வரும்படி வைத்தும் பார்த்துவிட்டேன். பயனில்லை.


கம்பிவேலை
ஞாயிறு, காலை 6:00

தம்பி, ஒரே ஒரு கேள்வி. பாத்திரத்தில் வைத்துப் பார்த்தபோது மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் எங்கெங்கே வைத்தீர்கள்?


லெஸ்டர் கொட்டகை
ஞாயிறு, காலை 8:45

ஒன்று சுவிட்சின் தலையில் இருக்கும் டெர்மினலில். இன்னொன்று பித்தளை உடம்பில். ஏன் அண்ணா?


கம்பிவேலை
ஞாயிறு, காலை 8:52

அப்படியானால் உங்கள் சுவிட்சுக்கு ஒரே கால்.

இரண்டு கால் உள்ள சுவிட்ச் என்றால் ஒன்றில் 85, மற்றதில் எர்த் வயர் என்று கேட்காமலே கொடுத்திருப்பீர்கள். ஒற்றைக் காலுக்கு உடம்புதான் எர்த். இன்ஜின் பிளாக்கில் திருகினால் பிளாக் எர்த்தில் இருக்கிறது, தானாக வேலை நடக்கும். நீங்கள் திருகியிருப்பது அலுமினியக் குழாயில். அந்தக் குழாயின் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது?


லெஸ்டர் கொட்டகை
ஞாயிறு, காலை 8:55

ரப்பர்.

ஐயோ.


பழைய மோரிஸ்
ஞாயிறு, காலை 9:30

கிணற்றுக்குள் வாளியை இறக்கிவிட்டுக் கயிற்றை மேலே கட்டாமல் விட்டமாதிரி.


வெப்பக்கணக்கு
ஞாயிறு, காலை 10:10

கூலன்ட் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கடக்கும், ஆனால் ரிலே இழுக்கிற அளவுக்குக் கடக்காது. குழாய்க்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே ஓம் எவ்வளவு என்று அளந்து சொல்லுங்களேன், ஆவலாக இருக்கிறது.


லெஸ்டர் கொட்டகை
ஞாயிறு, மாலை 4:20

அளந்தேன். எண் நிலையாக நிற்கவில்லை, ஆயிரக்கணக்கான ஓம்களில் ஏறி இறங்கியது. ரிலே காயிலை அளந்தால் 88 ஓம். இனிமேல் யாரும் விளக்க வேண்டாம்.

குழாயின் விளிம்பில் ஒரு சின்னக் காது இருக்கிறது, அதில் ஒரு திருகுத் துளை. வாங்கிய நாளிலிருந்து அது எதற்கு என்று தெரியாமலே இருந்தேன். அதில் எர்த் வயரை மாட்டி, மறுமுனையைப் பக்கத்தில் இருந்த சட்டகத்தின் போல்ட்டில் இறுக்கினேன். மகிழ்ச்சியாக இன்ஜினைக் கிளப்பினேன்.

ஃபேன் ஓடவில்லை.


கம்பிவேலை
ஞாயிறு, மாலை 4:31

சட்டகத்துக்கு என்ன பெயிண்ட்?


லெஸ்டர் கொட்டகை
ஞாயிறு, மாலை 4:33

பவுடர் கோட்டிங்.

அண்ணா, புரிந்துவிட்டது. சுரண்டப் போகிறேன்.


கம்பிவேலை
ஞாயிறு, மாலை 4:40

பவுடர் கோட்டிங் என்பது பிளாஸ்டிக் சட்டை. அதன்மேல் எத்தனை வாஷர் போட்டு இறுக்கினாலும் கரண்ட் உள்ளே இறங்காது. போல்ட்டைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு வெள்ளை இரும்பு தெரியும் வரை சுரண்டுங்கள். பல் உள்ள வாஷர் வைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஊர் மழைக்கு ஒரே வருடத்தில் துரு ஏறும். வண்டியில் இருக்கிற மற்ற எர்த் இடங்களையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஹெட்லைட் மங்கலாக எரிகிறது என்று அடுத்த இழை தொடங்க வேண்டாம்.


லெஸ்டர் கொட்டகை
ஞாயிறு, இரவு 7:50

ஓடியது! மீட்டரில் 96 வந்தபோது டிக், பிறகு ஃபேன். நானும் மகளும் கைதட்டினோம்.

ஆனால் ஒன்று. பன்னிரண்டு நிமிடம் பார்த்தேன், ஃபேன் நிற்கவில்லை. மீட்டர் 93இலேயே நிற்கிறது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வெப்பக்கணக்கு எச்சரித்த "அணையாத ஃபேன்" இதுதானா? ஆனால் நான் கீழ் ஹோஸில்தானே வைத்தேன்?


வெப்பக்கணக்கு
ஞாயிறு, இரவு 9:15

அந்தச் சிக்கலாக இருக்காது. சூடு போகும் அளவும் வரும் அளவும் சரியாக 93இல் சமமாகிவிட்டன என்றுதான் பொருள். 80 வாட் ஃபேனும் அந்த அளவு ரேடியேட்டரும் நின்றபடி ஓடும் இன்ஜினின் 3 கிலோவாட்டை இதைவிட எளிதாகத் தள்ள வேண்டும். ஆகவே காற்றைச் சந்தேகிக்கிறேன். முதலில் ஒரு தாளை ரேடியேட்டரின் முன்முகத்தில் வையுங்கள். ஒட்டிக்கொண்டால் ஃபேன் சரியான பக்கம் இழுக்கிறது. பறந்தால் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள்.

தாள் ஒட்டினால் அடுத்தது: ரேடியேட்டரைச் சுற்றி, மூக்கு உறைக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு? இருந்தால் அடைத்துவிடுங்கள்.


லெஸ்டர் கொட்டகை
திங்கள், இரவு 8:30

தாள் ஒட்டியது. இடைவெளி: இரு பக்கமும் மூன்று விரல், மேலே நான்கு விரல். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அந்த இடைவெளி அருகே பிடித்தேன். புகை பின்னாலிருந்து முன்னால் வருகிறது! ஃபேன் பின்னால் தள்ளிய சூடான காற்றே சுற்றி வந்து மறுபடி ரேடியேட்டருக்குள் போகிறது. ஓடும் வண்டியில் எதிர்காற்று இதைத் தடுத்திருக்கும், நிற்கும் வண்டியில் யார் தடுப்பது?

அலுமினியத் தகடு வெட்டிப் பக்கங்களை அடைத்தேன். விளிம்புகளில் கறுப்பு நுரைப் பட்டை. இப்போது ஃபேன் இரண்டரை நிமிடம் ஓடுகிறது, நான்கு நிமிடம் ஓய்வெடுக்கிறது. கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏழு முறை அது போட்டு அணைவதைப் பார்த்தேன். இரவு உணவுக்கு மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.


பழைய மோரிஸ்
திங்கள், இரவு 10:00

ஊதுபத்திப் பரிசோதனைக்கு என் பாராட்டு. சாமிக்கும் ஆச்சு, ரேடியேற்றருக்கும் ஆச்சு.


லெஸ்டர் கொட்டகை
மூன்று வாரம் கழித்து, வியாழன், மாலை 5:15

இன்று ஐவிஏ. புகைச் சோதனைக்கு இன்ஜின் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும் என்று நிற்க வைத்தே ஓடவிட்டார்கள். அதன் பிறகு சத்தச் சோதனை, அதற்கு நின்ற இடத்திலேயே இன்ஜினை முறுக்க வேண்டும். மீட்டர் மெல்ல ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நான் கைச் சுவிட்சின் மேல் விரலை வைத்துக் காத்திருந்தேன். 96இல் டிக். சோதனை அதிகாரி ஒரு கணம் மூக்குப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, எழுதுவதைத் தொடர்ந்தார். விரலை எடுத்துக்கொண்டேன்.

வண்டி தேறவில்லை. ரேடியேட்டர் பக்கத்துத் தகடு, நீங்கள் அடைக்கச் சொன்னீர்களே, அதன் முன்விளிம்பு கூர்மையாக வெளியே தெரிகிறதாம். கையை வெட்டுமாம். அதை மடித்து, மேலே ரப்பர் விளிம்பு போட்டு, அந்த ஒன்றை மட்டும் காட்ட மறுபடி வர வேண்டும்.


வெப்பக்கணக்கு
வியாழன், மாலை 5:40

அடைக்கச் சொன்னது நான். விளிம்பை மடிக்கச் சொல்ல மறந்ததும் நான்தான். ரப்பர் விளிம்பின் செலவை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.


கம்பிவேலை
வெள்ளி, காலை 5:55

தம்பி, கழற்றுகிற கையோடு அந்த எர்த் போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். முறுக்கின அதிர்வில் தளர்ந்திருக்கும்.


லெஸ்டர் கொட்டகை
வெள்ளி, இரவு 9:20

கால் சுற்று இறுகியது அண்ணா.